கண்டக்டர் அக்கா கலந்த மருந்து

வலது கன்னத்தில் இருக்கும் குச்சி இடது கன்னத்துக்கு மாறினால் நிறுத்தம் வரப்போகிறது என்று அர்த்தம். அந்தப் பேருந்தில் போய்வந்த எல்லாருக்கும் இது தெரியும். சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது அந்த அதிமதுரக் குச்சி. கண்டக்டர் அக்கா அதை நாக்கால் ஒரு தள்ளு தள்ளி ஓரங்கட்டிவிட்டு நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால், கடைசி இருக்கையில் வாயைப் பிளந்து தூங்குகிறவரும் திடுக்கிட்டு எழுந்து செருப்பைத் தேடுவார். நாளெல்லாம் கத்தியும் அந்தக் குரல் கம்மியதே இல்லை. காரணம் கேட்டால் கன்னத்தைத் தட்டிக் காட்டுவார். "எல்லாம் உள்ள இருக்கிற ஆளோட வேலை. நான் சும்மா வாயைத் திறக்கிறேன், அவ்வளவுதான்."

பள்ளிக்கூடச் சீருடையில் தொடங்கிக் கல்லூரி முடிகிறவரை அதே பேருந்தில் போன பெண் ஒருத்தி, அந்தக் குச்சி இடம் மாறுவதைப் பார்த்தே வளர்ந்தாள். ஆளைவிடப் பை பெரிதாக இருந்ததால் அவளுக்குப் 'புத்தகப்பை' என்று பெயர் வைத்ததும் கண்டக்டர் அக்காதான். "ஏய் புத்தகப்பை, பையைக் கொண்டுபோய் டிரைவர் பக்கத்துல வை. அது உக்காந்து வரட்டும், நீ நில்லு." பேருந்தே சிரிக்கும். பரீட்சை நாட்களில் யாரையாவது எழுப்பிவிட்டு அவளை உட்கார வைப்பதும் அதே குரல்தான். "தம்பி, எழுந்திரு. நீ போறது சினிமாவுக்கு. இவ போறது பரீட்சைக்கு." அந்தத் தம்பி சினிமாவுக்குத்தான் போகிறான் என்று இவருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கண்டக்டர் அக்கா எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஆள் இல்லை. பார்த்தவுடன் முடிவு செய்வார். முடிவு செய்தால் அது நடக்கும்.

புத்தகப்பையின் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். அப்பா கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். மகள் மருந்தியல் படித்து, புற்றுநோய் மருத்துவமனையின் கதிர் சிகிச்சைப் பிரிவில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தது தெருவுக்கே செய்தியானது. கூடவே ஒரு தொல்லையும் தொடங்கியது. கடைக்குப் போனால், தண்ணீர் பிடிக்கப் போனால் யாராவது அவளை நிறுத்துவார்கள். "ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. இந்த வேரு, பட்டை, இலையெல்லாம் புத்துநோய்க்கு நல்லதுங்கறாங்களே, நிஜமா?" அம்மாவும் விடுவதில்லை. "ஆமாவா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லேன்டி."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. படித்ததை ஒப்பித்தால் 'சில ஆய்வுகளின்படி' என்று தொடங்கி 'மேலும் ஆய்வு தேவை' என்று முடியும். இதைத் தெரிந்துகொள்ளவா அப்பா அத்தனை மூட்டை சுமந்தார் என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும். ஒரே ஒரு விஷயத்திலாவது, தன் கையால் அளந்து பார்த்து, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான்.

அதற்கான வாய்ப்பு அதிமதுரத்தின் பெயரிலேயே வந்தது. வாயிலும் தொண்டையிலும் கட்டி உள்ளவர்களுக்குக் கதிர் கொடுத்தால், கட்டி கரைகிற அதே நாட்களில் வாயின் உள்தோலும் வெந்துபோகும். இரண்டாவது வாரத்திலேயே புண் கிளம்பும். எச்சில் விழுங்கினாலே கண்ணில் நீர் வரும். வலி தாங்காமல் சிலர் சிகிச்சையை நடுவில் நிறுத்திவிடுவார்கள். நின்ற நாட்களில் கட்டிக்குக் கொண்டாட்டம். அதிமதுரச் சாறு கலந்த நீரால் வாய் கொப்பளித்தால் புண் குறையுமா? குறைந்தால், அந்தச் சாறு கட்டிக்கும் சேர்த்துக் கேடயம் பிடித்துவிடாமல் இருக்குமா? இந்த இரண்டையும் பார்க்கத்தான் பிரிவின் தலைமை டாக்டர் ஆய்வைத் தொடங்கினார். ஆட்களுக்கு விளக்கிச் சேர்ப்பது, வாராவாரம் பாட்டில் கொடுப்பது, வாயைத் திறக்கச் சொல்லிப் புண்ணுக்கு மதிப்பெண் போடுவது, திரும்பி வரும் பாட்டிலில் மிச்சத்தை அளப்பது எல்லாம் புத்தகப்பையின் வேலை.

காத்திருக்கும் கூடம் தரைமட்டத்துக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரோரமாக ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தால், உள்ளே யாரோ முகத்தில் வலை மாஸ்க் பூட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கிறார் என்று பொருள். அந்தக் கூடத்துக்கு ஒரு காலையில் கண்டக்டர் அக்கா வந்தார். கழுத்து ஒரு பக்கம் லேசாக வீங்கியிருந்தது. கன்னத்தில் குச்சி இருந்தது.

"அட, புத்தகப்பை! நீ இங்க எங்க?" குரல் பாதிதான் வந்தது. மீதி காற்று.

"வேலை பாக்கறேன்க்கா. நீங்க..."

"நான் பயணி. இந்தத் தடவை டிக்கெட் எனக்கு." கண்டக்டர் அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "எத்தனை வருஷமா அதிமதுரம் மெல்றேன்! வந்தது பாரு, கரெக்டா அதுக்குப் பக்கத்துல வந்து உக்காந்திருக்கு. இடம் கேக்காமலேயே."

ஆய்வைப் பற்றி விளக்கும்போது புத்தகப்பைக்கு வாய் கொஞ்சம் குழறியது. பேருந்தில் அவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு நின்ற பழக்கம் போகவில்லை. "சில பாட்டில்ல அதிமதுரச் சாறு இருக்கும்க்கா. சிலதுல வெறும் தண்ணி. அதே நிறம், அதே இனிப்பு சேர்த்திருப்பாங்க. யாருக்கு எது போகுதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"பின்ன யாருக்குத்தான்டி தெரியும்?"

"வேற கட்டடத்துல ஒருத்தர் பூட்டி வெச்சிருக்கார். எல்லாம் முடிஞ்ச பிறகுதான் திறப்போம்."

"நல்லா இருக்கே கூத்து. டிரைவருக்கும் வழி தெரியாது, கண்டக்டருக்கும் வழி தெரியாது, பஸ்ஸு மட்டும் போகுதாம்."

"தெரிஞ்சா நாங்களே ஒரு பக்கம் சாஞ்சிடுவோம்க்கா. அசல் பாட்டில் இவருக்குப் போகுதுன்னு தெரிஞ்சா, அவர் வாயைப் பார்க்கும்போதே புண்ணு கம்மியாத் தெரியும். அதான்."

கண்டக்டர் அக்கா அதை யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார். ஒரே ஒரு நிபந்தனைதான் அவருக்குக் கசந்தது. ஆய்வில் இருக்கிறவரை குச்சி மெல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டு, கன்னத்தில் இருந்ததை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "போய்ட்டு வாடா ராசா" என்று தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

காலை நேரத்தில் சிகிச்சைக்கு வந்த ஐந்து பேர் ஆய்வில் இருந்தார்கள். கண்டக்டர் அக்காவைத் தவிர, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற பெயின்டர் ஒருவர், ஒரு தையல்காரர், ஒரு பள்ளிக்கூட வாட்ச்மேன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஒரு வாரத்துக்குள் அந்தக் கூடம் கண்டக்டர் அக்காவின் பேருந்தாகிவிட்டது. யார் எங்கே உட்கார வேண்டும், யாருக்குக் குளிர்கிறது, யார் காலையில் கஞ்சி குடிக்காமல் வந்திருக்கிறார், எல்லாம் அவர் தீர்மானம். பயந்து பயந்து வந்த வாட்ச்மேன்கூட, "கண்டக்டரம்மா, உள்ள போகலாமா?" என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் கதிர் அறைக்குள் போனார். புத்தகப்பைக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த ஐவரில் ஒருவரும் பாட்டிலை மறந்து வரவில்லை, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மிச்சத்தை அளக்கும்போது மட்டும் அவளுக்கு ஏதோ உறுத்தியது. மற்ற நேரங்களில் வருகிறவர்களின் பாட்டில்கள் ஆளுக்கொரு மாதிரி திரும்பி வந்தன. மறந்தவருடையது பாதி, ஆர்வக்கோளாறு பிடித்தவருடையது காலி. இந்த ஐவருடையது மட்டும் கோடு போட்டாற்போல ஒரே மட்டத்தில் நின்றது. என்ன ஒழுங்கு என்று முதலில் பெருமைப்பட்டாள். மூன்றாவது வாரமும் அப்படியே. நான்காவது வாரம் பெயின்டருக்கு வாய் முழுக்கப் புண் வெடித்து, சிகிச்சைக்கே வரமுடியாமல் வீட்டில் கிடந்தார். தண்ணீரைக்கூட வாயில் வைக்க முடியவில்லை என்று அவர் மனைவி அழுதபடி வந்து பாட்டிலைக் கூடத்தில் கொடுத்துவிட்டுப் போனார். வாரக் கடைசியில் அந்தப் பாட்டிலும் மற்ற நான்கோடு வந்தது. அதே மட்டம்.

வாயில் எதையும் வைக்காதவர் பாட்டில் எப்படிக் காலியாகும்?

அடுத்த வாரம் புதுப் பாட்டில்களைக் கொடுத்துவிட்டு அறைக்குப் போகாமல், கொஞ்சம் பொறுத்துக் கூடத்துக்குத் திரும்பி வந்தாள். நாற்காலிக்கு நடுவில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேன். பெயின்டர் வீட்டுக்குப் போக வேண்டியதையும் சேர்த்து ஐந்து பாட்டில்களும் அதில் கவிழ்ந்து முடிந்திருந்தன. கணக்கு வாத்தியார் குனிந்து மட்டம் பார்க்க, கண்டக்டர் அக்கா ஒரு சொட்டு சிந்தாமல் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தார். டிக்கெட் கிழித்த கை, நடுங்கவில்லை.

"என்னக்கா இது?"

"பார்த்தா தெரியல? பங்கு போடறோம்."

"ஐயோ, எவ்வளவு நாளா?"

"ரெண்டாவது வாரத்துல இருந்து. ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கற? உக்காரு."

அவள் உட்காரவில்லை. கண்டக்டர் அக்கா தையல்காரரைக் காட்டினார். அவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். "இவரைப் பாரு. வாயைத் திறக்க முடியல. இவருக்கு நீங்க குடுத்தது வெறும் தண்ணி. என்னோடது அசல். முதல் நாள் கொப்பளிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. எத்தனை வருஷமா அதிமதுரத்தோட குடித்தனம் நடத்தின நாக்குடி இது, இதை ஏமாத்த முடியுமா? அசலை நான் வெச்சுக்கிட்டு, பக்கத்துல ஒருத்தர் துடிக்கறதை வேடிக்கை பார்க்கணுமா? நல்லாருக்குமா?"

"என் பாட்டிலை எடுத்துக்கோங்கன்னுதான் கண்டக்டரம்மா முதல்ல சொன்னாங்க," என்றார் வாட்ச்மேன். "இவரு வாங்கிக்கல. அப்புறம்தான் எல்லாத்தையும் கலந்துடலாம்னு முடிவாச்சு."

"கணக்குப்படி பார்த்தா சரிதான்மா," என்றார் வாத்தியார். "கலந்து பிரிச்சா யாருக்கும் இல்லைன்னு ஆகாது."

"கணக்கு சரி சார். ஆனா இப்ப எல்லாருக்கும் ஒரே தண்ணி. அப்புறம் யாரோட யாரை ஒப்பிட்டுப் பார்க்கறது? இது வேலை செய்யுதா இல்லையான்னு கடைசி வரைக்கும் தெரியாது. அடுத்த வருஷம் வர்றவங்களும் இதே மாதிரி தெரியாமலேயே எரிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"அடுத்த வருஷம் வர்றவன் அடுத்த வருஷம் வரட்டும்," என்றார் கண்டக்டர் அக்கா. "இன்னைக்கு இவர் வாய் எரியுது."

புத்தகப்பை கேனைப் பார்த்தாள், தையல்காரரைப் பார்த்தாள். கண்முன்னால் இருக்கிற ஒருவரின் வாயைவிட, இன்னும் வராத ஆட்களின் வாய் தனக்கு ஏன் பெரிதாகப் போயிற்று? இவர்களுக்காகவா, அம்மாவிடம் சொல்லப்போகிற அந்த ஒரு வார்த்தைக்காகவா? அந்த இடத்தில் நின்றபடி அதை அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் கண்டக்டர் அக்கா சொன்னதில் ஒரு வார்த்தை மட்டும் முள்ளாக நின்றது.

"உங்களோடது அசல்னு நாக்கு சொல்லிச்சா?"

"சத்தியமா."

"இப்பவும் சொல்லுமா?"

"என்னடி, என் நாக்குக்கே பரீட்சையா? வை பார்க்கலாம்."

அவள் நர்ஸிடம் போய் இரண்டு காகிதக் கோப்பைகளில் தண்ணீர் வாங்கினாள். ஒன்றில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கச் சொன்னாள். எதில் போட்டது என்பதைத் தனக்குச் சொல்ல வேண்டாம், கோப்பையின் அடியில் ஒரு புள்ளி வைத்தால் போதும் என்றாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். கண்டக்டர் அக்கா இரண்டையும் வாயில் விட்டு, கண்ணை மூடி, நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். தீர்ப்புச் சொல்கிற தோரணையில் இடது கைக் கோப்பையை உயர்த்தினார்.

"இதுதான் சர்க்கரை. பாகு மாதிரி இனிக்குது."

அடியைத் திருப்பிப் பார்த்தார்கள். புள்ளி இல்லை. மற்றதைத் திருப்பினார்கள். இருந்தது.

வாட்ச்மேன்தான் முதலில் சிரித்தார். "கண்டக்டரம்மா, வெறும் சீட்டுக்கு டிக்கெட் கிழிச்சுட்டீங்களே!" தையல்காரர் சிரிக்கப் போய் வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் அக்காவும் சிரித்தார். பிறகு புள்ளி இருந்த கோப்பையை வாங்கி மறுபடி ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். முகம் மெல்ல மாறியது.

"எதுவுமே தெரியலடி," என்றார் அடங்கிய குரலில்.

"கதிர் பட்டா நாக்குல ருசி போயிடும்க்கா. முடிஞ்ச பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வரும்."

"இப்ப இல்ல, சரி. ஆனா முதல் நாள்? அன்னைக்கு ருசி இருந்துச்சே."

"ரெண்டுலயும் ஒரே இனிப்புதான் போட்டிருக்கு. அன்னைக்கு நாக்கு சொல்லிச்சா, நீங்க சொன்னீங்களா?"

கண்டக்டர் அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். கேனின் மூடியை எடுத்துத் திருகினார். திருப்பித் தரும் முன்னால் மிச்சத்தின் மட்டத்தைச் சமப்படுத்தியதும் தன் யோசனைதான், யாராவது மறந்திருந்தால் நீ திட்டுவாய் என்று பயந்தார்கள், அவர்களை ஒன்றும் கேட்காதே என்று மட்டும் சொன்னார்.

டாக்டரிடம் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. மதிப்பெண்கள் எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். புத்தகப்பை அன்றைக்கே போய்ச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"கேன்ல கலந்தாங்களா?"

"ஆமா மேடம்."

"எல்லாம் கணக்கு வாத்தியார் மேற்பார்வையிலயா?" டாக்டருக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, உடனே கோபமும் பட்டார். "ஒரே மட்டத்துல பாட்டில் வந்த முதல் வாரமே நீ என்கிட்ட வந்திருக்கணும். நல்லா நடக்குதுன்னு தோணறப்பதான் நல்லாப் பார்க்கணும்."

"தெரியும் மேடம். இப்பத் தெரியும்."

"நீ சொன்னதால வேலை மாசக்கணக்குல தள்ளிப்போகும். பரவாயில்லையா?"

"எனக்குப் பதில் வேணும் மேடம். பதில் மாதிரி இருக்கிறது வேண்டாம்."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினார். அந்த ஐவரும் ஒப்பீட்டுக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டார்கள். சிகிச்சை எப்போதும் போலத் தொடர்ந்தது, பாட்டில் மட்டும் நின்றது. இனிமேல் ஒரே நேரத்தில் வருகிறவர்களில் ஒருவருக்கு மேல் ஆய்வில் சேர்ப்பதில்லை என்று விதி வந்தது. பெயின்டருக்கு வலிக்கு மருந்தும் மூக்கு வழியாகக் கஞ்சிக்குக் குழாயும் ஏற்பாடாகி, விட்டுப்போன நாட்களுக்கு ஈடு சேர்த்துச் சிகிச்சையை முடித்தார். ஐவருமே முடித்தார்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் கண்டக்டர் அக்கா பரிசோதனைக்கு வருவார். வருகிற நாளெல்லாம் சீக்கிரமே வந்து கூடத்தில் உட்கார்ந்து, ஆய்வில் இருக்கிற புது ஆட்களை வளைத்துப் பிடிப்பார். குரல் கொஞ்சம் கரகரப்போடு திரும்பியிருந்தது, ஆனால் கூடத்துக்குப் போதுமானதாக இருந்தது. "உன் பாட்டில் உனக்கு. பக்கத்துல இருக்கிறவர் அழுதா தோளைக் குடு, பாட்டிலைக் குடுக்காத. நான் குடுத்துக் கெடுத்தவ, என்கிட்ட கேளு." புத்தகப்பை அரை மணி நேரம் விளக்கியும் புரியாதவர்களுக்கு இது உடனே புரிந்தது. அதன் பிறகு ஒரு பாட்டிலும் சந்தேகப்படும்படி திரும்பி வரவில்லை. மட்டங்கள் கன்னாபின்னாவென்று இருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனது குளிர்ந்தது.

பூட்டி வைத்ததைத் திறந்த நாளில் டாக்டர் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அசல் கொப்பளித்தவர்களுக்குப் புண் தாமதமாக வந்திருந்தது. கடுமையான புண் வந்தவர்கள் குறைவு. நடுவில் நிறுத்தியவர்களும் குறைவு. கட்டி கரைந்த அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான், கேடயம் பிடித்த அடையாளம் இதுவரை இல்லை. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

"சின்ன ஆய்வு," என்றார் டாக்டர். "இன்னும் சில வருஷம் இவங்களைப் பார்க்கணும். வேற ஊர்லயும் செஞ்சு பார்க்கணும். ஆனா நம்ம அளந்தது நேர்மையா அளந்தது. அதை நீ எங்க வேணாலும் சொல்லலாம்."

அன்று மாலை சலவைக் கடைக்கே போய் அம்மாவிடம் சொன்னாள். "உதவுதும்மா. கொஞ்சம். புண்ணுக்கு மட்டும். கட்டியைக் கரைக்கறது கதிர்தான், இது கூட நின்னு கை குடுக்குது. அதுவும் ஆஸ்பத்திரி குடுக்கிற அளவுல, கொப்பளிச்சுத் துப்பறதுக்கு. வீட்டுல வாங்கி மெல்லறதுக்கு இல்ல. ரத்தக் கொதிப்பு ஏறும்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "கொஞ்சம்ங்கறதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு நாளு?"

"ஆமா. கொஞ்சமா நிறையவான்னு இப்பத் தெரியும்ல."

அம்மா அதை மனதில் மடித்துப் பார்த்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரியிடம் குரல் கொடுத்தாள். "ஏய், நீ கேட்டியே, என் பொண்ணு சொல்றா. உதவுதாம். கொஞ்சமாம். அவளே அளந்தது." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளைக் கேட்டபடி புத்தகப்பை சூடான துணிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

ஆய்வில் இருந்தவர்கள், விரும்பினால், தங்களுக்கு வந்தது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதலில் வந்து நின்றது கண்டக்டர் அக்கா. நாக்கில் ருசி ஓரளவு திரும்பியிருந்தது.

"சொல்லு. என்னோடது?"

"தண்ணிக்கா. இனிப்பும் நிறமும் போட்ட தண்ணி."

கண்டக்டர் அக்கா சிரிப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து அதன் பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"அப்ப நான் யாருக்கும் குடுக்கல."

புத்தகப்பை திறந்திருந்த கோப்பை மூடி வைத்தாள்.

"யாரோ ஒருத்தரோட அசலை வாங்கி நாலு பேருக்குப் பிரிச்சுட்டு, நானும் ஒரு பங்கு எடுத்துக்கிட்டேன். அதுக்கு நன்றி வேற வாங்கியிருக்கேன். யாரோடதுடி அது?"

"உங்களோடதை மட்டும்தான் உங்ககிட்ட சொல்லலாம்க்கா."

"பெயின்டரா? அவர்தானே படுத்துட்டாரு."

"அக்கா, கேக்காதீங்க."

அவளுக்குத் தெரியும். பெயின்டருடையது அசல்தான். கலக்கிற வரைக்கும் அந்த ஐவரில் புண் மதிப்பெண் குறைவாக இருந்ததும் அவருக்குத்தான். கலக்காமல் இருந்திருந்தால் அவர் வாய் வெடித்திருக்காது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதுதான் இந்த ஆய்வு முழுக்க அவள் கற்றது. ஆனால் கண்டக்டர் அக்காவுக்கு அந்தச் சமாதானம் தேவைப்படவில்லை. எழுந்து நின்றார்.

"நாலு பேர்கிட்டயும் நானே போய்ச் சொல்றேன். என்னோடது அசல்னு சொல்லிக் கலந்தது நான். என்னோடது தண்ணின்னு சொல்ல வேண்டியதும் நான்தான். நீ நடுவுல வராத."

சொன்னபடி போனார். தையல்காரர் கடையில் போய்ச் சொன்னார். அவர் ஊசியில் நூல் கோத்தபடி, "விடுங்கம்மா, அந்த வாரம் நீங்க பக்கத்துல உக்காந்திருந்ததே போதும்" என்றாராம். வாட்ச்மேன், பள்ளிக்கூட வாசலே அதிரச் சிரித்தாராம். கணக்கு வாத்தியார் மட்டும் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, பிழை விடையில் இல்லை, கேள்வியில் இருந்தது, அதைத் தான் சரிபார்க்காமல் விட்டது தன் தப்பு என்று சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் கண்டக்டர் அக்கா ஒவ்வொன்றாக வந்து புத்தகப்பையிடம் ஒப்புவித்தார். பாக்கி இருந்தது பெயின்டர்.

பெயின்டரிடமும் அவள் முறைப்படி கேட்டிருந்தாள். தனக்கு வந்தது எது என்று தெரிந்துகொள்ள விருப்பமா? அவர் கையை ஆட்டிவிட்டார். "எனக்கு எதுக்கும்மா அது? கண்டக்டரம்மாவோடது அசல். அதுல எனக்குப் பங்கு கிடைச்சுது. அது போதும்." வேண்டாம் என்றவரிடம் வலிந்து சொல்ல அவளுக்கு உரிமை இல்லை.

அவர் பரிசோதனைக்கு வந்த நாளில் கண்டக்டர் அக்காவும் வந்திருந்தார், சொல்லிவிடுவது என்ற முடிவோடு. பெயின்டர் தேறியிருந்தார். சட்டைக் கையில் நீல நிறச் சொட்டு காய்ந்திருந்தது. பெரிய பலகை ஒன்று கையில் எடுத்திருப்பதாகச் சொன்னார். ஸ்கேனில் எதுவும் இல்லை என்று டாக்டர் அப்போதுதான் சொல்லி அனுப்பியிருந்தார். கூடத்தில் புதிதாக வந்து சுருண்டு உட்கார்ந்திருந்த ஒருவரைப் பார்த்ததும், பெயின்டர் கண்டக்டர் அக்காவின் பக்கம் கையைக் காட்டினார்.

"பயப்படாதீங்க சார். இந்தம்மாவைப் பாருங்க. தன்னோட மருந்தை எடுத்து எனக்குக் குடுத்தாங்க. பெத்தவங்ககூட அப்படிச் செய்ய மாட்டாங்க. இவங்க மட்டும் அன்னைக்கு அதைக் கலந்து குடுக்கலைன்னா, நான் அப்படியே விட்டுட்டு வீட்டுல கிடந்திருப்பேன். யாரோ ஒருத்தர் நமக்காகப் பங்கு போட்டாங்களேன்னுதான் திரும்பி வந்தேன்."

கண்டக்டர் அக்கா வாயைத் திறந்தார். புத்தகப்பை கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நிறுத்தங்களைத் தயங்காமல் சொன்ன வாய் அது. புது நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து, கண்டக்டர் அக்காவைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்.

"உங்க பலகை என்ன நிறம் பெயின்டரே?" என்று கேட்டார் கண்டக்டர் அக்கா.

"நீலம். எழுத்து மஞ்சள்."

"நல்லாத் தெரியும். தூரத்துல இருந்தே தெரியும்."

பிறகு பெயின்டர் விடைபெற்றுக்கொண்டு படியேறினார். கண்டக்டர் அக்கா புத்தகப்பையைத் தாண்டிப் போகும்போது நின்றார். "அடுத்த தடவை சொல்லிடறேன்டி."

அடுத்த தடவை வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பெயின்டர் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். கண்டக்டர் அக்கா இன்னும் சொல்லவில்லை.